பாலாற்றங்கரையில் ஒரு ஜோடி சிவப்பு ஷூ

அத்தியாயம் 6

“செருப்பைக் கழட்டிட்டு ஆத்துல இறங்குடா,” என்றார் கமலவேணி அக்கா.

“இன்னாக்கா, காலங்காத்தால பலி குடுக்கிறீங்க? நான் இன்னும் டிபன்கூட சாப்பிடல.”

“இறங்குன்னா இறங்கு. முட்டி வரைக்கும் போதும்.”

பாலாற்றில் தண்ணீர் ஓடுவது என்பதே எங்கள் பக்கத்தில் ஒரு அதிசயம். வருஷம் பூராவும் அதில் ஓடுவது மணல்தான், அதுவும் லாரியில். இந்த ஐப்பசியில் மலைப்பக்கம் கொட்டித் தீர்த்த மழையில் பள்ளிகொண்டா தரைப்பாலம் முழுகிப்போய், தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. மேலே வெள்ளையாய் நுரை வேறு. அந்த நுரை எந்தத் தோல் ஆலையிலிருந்து வருகிறது என்று இந்த ஜில்லாவில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். என் பெயர் அமீர் பாஷா. வேலூர் லாங் பஜாரில், வளையல் கடைக்கு மேலே இருக்கும் துப்பறியும் நிலையத்தில் உதவியாளன். நிலையம் என்றால் ஏதோ பெரிசாக நினைத்துவிட வேண்டாம். ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு அக்கா, நான். அவ்வளவுதான். அக்கா குடியாத்தத்து நெசவுக் குடும்பம். சிக்கெடுப்பது ரத்தத்திலேயே இருக்கிறது என்று நான் சொல்வேன், அவர் முறைப்பார்.

“போதும், ஏறு,” என்றார். “இப்போ உன் செருப்பைப் பாரு.”

பார்த்தேன். இரண்டும் ஆற்றைப் பார்த்துக் கிடந்தன. ஒன்று கொஞ்சம் முன்னால், ஒன்று கொஞ்சம் பின்னால். இரண்டிலும் சேறு அப்பியிருந்தது.

அக்கா தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நேற்று விடியற்காலையில் இதே இடத்தில் யாரோ எடுத்த படம். ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும் படம். ஒரு ஜோடி சிவப்பு ஷூ, ஒன்றோடொன்று ஒட்டி, கரையில்.

“இதுல இன்னா தெரியுது?”

“ஒண்ணு ஆத்தைப் பாக்குது. இன்னொண்ணு ரோட்டைப் பாக்குது. சாவலாமா, வேணாமான்னு ரெண்டும் சண்டை போட்டிருக்கும் போல.”

அக்கா சிரிக்கவில்லை. “லேஸைப் பாரு.”

லேஸ் இரண்டும் ஷூவுக்குள் ஒழுங்காகச் சொருகப்பட்டிருந்தன. அடிப்பாகத்தில் சேறே இல்லை. துடைத்து வைத்தது மாதிரி பளபளவென்று இருந்தது.

அந்த ஷூ யாருடையது என்று வேலூர், திருப்பத்தூர் ரெண்டு ஜில்லாவிலும் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். கபடி தணிகைவேல். ஒரு காலத்தில் நாட்டுக்காக ஆடியவர். எதிரணிக் கோட்டுக்குள் பாடிக்கொண்டு போனால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்பாத ஆள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி அவருக்காகவே சிவப்பில் ஒரு ஜோடி செய்து, மேடை போட்டு, மாலை போட்டுக் கொடுத்தது. அப்புறம் முட்டி உடைந்தது. வேலை போனது. பாட்டில் வந்தது.

பாட்டிலைக்கூட மன்னித்துவிடலாம். அதற்குப் பின்னால் போன் வந்ததே, அதை மன்னிக்கவே முடியாது. “ஒரு மூச்சு பாடுண்ணே, குவார்ட்டர் வாங்கித் தர்றேன்” என்பான்கள். இவர் டாஸ்மாக் வாசலில், அதே சிவப்பு ஷூவோடு, கபடி கபடி என்று ஆரம்பிப்பார். பத்து தடவை சொல்வதற்குள் மூச்சு அறுந்து, இருமி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சுற்றி நிற்பவன்கள் போனில் படம் பிடித்துக்கொண்டே சிரிப்பான்கள். அதை லட்சக்கணக்கில் பார்த்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, பார்த்துவிட்டு ‘பாவம்’ என்று கருத்தும் போட்டார்கள். இன்றைக்கு அதே கும்பல்தான் கரையில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு, ‘கண்ணீர் அஞ்சலி’ பிளெக்ஸ் கட்டிக்கொண்டு, ‘தேடு, தேடு’ என்று தீயணைப்புக்காரர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

“கமலவேணிம்மா, எதாவது தெரிஞ்சுதா?” இன்ஸ்பெக்டர் சுந்தரமூர்த்தி ஓட்டமும் நடையுமாக வந்தார். எங்களை இங்கே கூப்பிட்டவர் அவர்தான். அதிகாரபூர்வமாக இல்லை. தெரிந்தவர் என்ற முறையில்.

“சார், நேத்து ஆத்துல தேட இறங்குன தீயணைப்புப் பசங்க எப்படி இருக்காங்க?”

“ஒரு பையன், ஜீவான்னு பேரு, கயிறு அறுந்து நுரைக்குள்ள போய்ட்டான். முடியைப் பிடிச்சு இழுத்தோம். இன்னிக்கு மேலேர்ந்து இன்னும் தண்ணி ஜாஸ்தியா வருதாம். ஆனா இந்தக் கூட்டம் விடாது. மதியத்துக்குள்ள மறுபடி இறக்கலைன்னா ரோடு மறியல்னு மிரட்டுறானுங்க. ஆள் ஆத்துல இருக்காரா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. எம் பசங்களை நான் சும்மா சாவக் குடுக்க மாட்டேன்.”

“உங்களுக்கு யார் மேல சந்தேகம்?”

அவர் கண்ணாலேயே காட்டினார். குடைக்குக் கீழே, கேமரா முன்னால், கறுப்புச் சட்டை போட்ட ஒரு இளைஞன் தழுதழுத்துக்கொண்டிருந்தான். கௌதம். யூடியூப்காரன். தணிகைவேல் இருமுகிற வீடியோக்களில் பாதி அவன் போட்டது.

“ஷூவை யாரும் பாக்குறதுக்கு முன்னாடியே அவன் ‘மறைந்தார் தணிகைவேல்’னு வீடியோ ரெடி பண்ணி வச்சிருக்கான்மா. ஷூ கிடைச்ச செய்தி வந்ததும் உடனே ஏத்திட்டான். அவ்ளோ சீக்கிரம் எவனாலயும் பண்ண முடியாது. வியூஸுக்காக இவனே ஆளை எங்கயாச்சும் அடைச்சு வச்சிருந்தா? இல்ல, தள்ளியே விட்டிருந்தா?”

அக்கா நேராக அவனிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

“தம்பி, சாவு வீடியோவை எப்போ செஞ்ச?”

கௌதம் பதறவே இல்லை. அதுதான் எனக்குத் திக்கென்றது. “போன வருஷமே செஞ்சாச்சு மேடம்.”

“போன வருஷமே செத்துட்டாரா?” என்றேன் நான்.

“ஐயோ, இல்ல சார். இந்த மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் முன்னாடியே எடிட் பண்ணி வச்சுக்குவோம். குடிக்கிறவங்க, கடன்ல இருக்கறவங்க... எப்போ ஆவும்னு சொல்ல முடியாது இல்ல? ரெடியா இருந்தா நாமதான் ஃபர்ஸ்ட்.” போனைத் திறந்து காட்டினான். வரிசையாகப் படங்கள். பழைய ஓட்டக்காரர் ஒருவர், பளு தூக்கிய அம்மா ஒருத்தர், கால்பந்து ஆடிய ஒருவர். எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள். எல்லாருக்கும் மாலை போட்டு, விளக்கு ஏற்றி வைத்திருந்தான்.

“இவன் இல்ல,” என்றார் அக்கா, காரில் ஏறும்போது.

“இவன் செத்தா வீடியோ நான் எடுக்குறேன்கா. இப்பவே எடிட் பண்ணி வச்சிடட்டுமா?”

“வண்டியை ஆம்பூருக்கு விடு.”

கண்ணாடியில் பார்த்தேன். கௌதமின் பைக் பின்னாலேயே வந்தது. கூட இன்னும் நாலைந்து பைக்குகள். கொஞ்ச தூரம் போனதும் எங்களை முந்திக்கொண்டு பறந்தன. நாங்கள் எங்கே போவோம் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? தணிகைவேலின் மனைவி பிரிசில்லா இருப்பது ஆம்பூரில்தானே.

ஆம்பூர் எல்லையில், ரோட்டோரம் வரிசையாக இருக்கும் ஷூ கடைகளில் ஒன்றின் முன்னால் அக்கா நிறுத்தச் சொன்னார்.

“அக்கா, ஆள் உயிரோட இருக்காரா இல்லையான்னு தெரியல. நீங்க ஷூ வாங்கப் போறீங்க.”

“உனக்குத்தான். வா.”

கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். அக்கா அவரைத் தடுத்துவிட்டு, “நீயே திற,” என்றார் என்னிடம்.

திறந்தேன். மெல்லிய தாளை விலக்கினேன். அப்படியே நின்றுவிட்டேன்.

டப்பாவுக்குள் இரண்டு ஷூவும் தலைமாற்றிப் படுத்திருந்தன. ஒன்றின் மூக்கு இந்தப் பக்கம், இன்னொன்றின் மூக்கு அந்தப் பக்கம். லேஸ் உள்ளே சொருகியிருந்தது. அடியில் ஒரு தூசு இல்லை.

“ஒரே பக்கமா வச்சா டப்பா பத்தாது,” என்றார் அக்கா. “அதனால பேக்கிங்ல இருக்கறவங்க இப்டித்தான் வைப்பாங்க. துடைச்சு, லேஸை உள்ள விட்டு, தலைமாத்தி. சாவப் போறவன் கழட்டுனா உன் செருப்பு மாதிரிதான் கிடக்கும். குடிச்சவன் கழட்டுனா ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. ஆத்தங்கரையில இருந்த ஷூவை அதைப் போட்டிருந்தவன் வைக்கல. பேக்கிங் பண்ற கை வச்சிருக்கு. அந்தக் கைக்கே தெரியாம வச்சிருக்கு.”

நான் பிறந்ததிலிருந்து இந்த ஊர்ப்பக்கம்தான். ஷூ டப்பா எத்தனை திறந்திருப்பேன்! தினம் பார்ப்பதாலேயே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

“ஆனா ஆம்பூர்ல பாதிப் பேரு ஷூ கம்பெனி ஆளுங்கதானேக்கா. பேக்கிங் கை எத்தனை இருக்கும்?”

“தணிகைவேல் கால்லேர்ந்து அந்தச் சிவப்பு ஷூவைக் கழட்டக்கூடிய கை எத்தனை இருக்கும்?”

ஜோக் எதுவும் அடிக்காமல் வண்டியை எடுத்தேன். அது அபூர்வமாக நடக்கிற விஷயம்.

பிரிசில்லாவின் வீட்டுச் சந்துக்குள் கார் நுழையவில்லை, அவ்வளவு கூட்டம். அங்கேயும் பிளெக்ஸ். பழைய படத்தில் தணிகைவேல் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். கீழே, கட்டியவர்கள் பன்னிரண்டு பேரின் முகம் அவர் முகத்தைவிடப் பெரிசாக இருந்தது.

வீட்டுக்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஜெபம் செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் நாற்காலியில் பிரிசில்லா. நாற்பது வயதிருக்கும். ஷூ கம்பெனிச் சீருடைப் புடவையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். கௌதம் எங்களுக்கு முன்பே வந்து பேட்டியை முடித்துவிட்டு, அவர் தோளில் கைவைத்து ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் மரியாதையாக வெளியே போய் வாசலில் நின்றுகொண்டான். பையன் ரொம்ப நல்லவனாக மாறிவிட்டானே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“போலீசுக்கு வேண்டியிருக்கும்மா,” என்றார் அக்கா. “சைஸ் ஒத்துப் பாக்கணும். அவரோட வேற ஷூ எதாவது இருக்கா?”

பிரிசில்லா எழுந்து உள்ளறைக்குப் போனார். நாங்களும் போனோம். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு ஷூவை எடுத்தார். “கல்யாணத்துக்குப் போட்டது,” என்றார். முந்தானையால் துடைத்தார். ஒரு விரலால் லேஸை உள்ளே தள்ளினார். மஞ்சள் பையை விரித்து, ஒரு ஷூவை வைத்தார். மற்றதைத் திருப்பி, தலைமாற்றி, பக்கத்தில் வைத்தார். அவர் கண் எங்கேயோ இருந்தது. கை மட்டும் தன் வேலையைச் செய்தது.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பிரிசில்லாவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கையைப் பிடித்து, சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தினார்.

“மனசைத் திடப்படுத்திக்கோம்மா. இன்ஸ்பெக்டர் இப்போதான் சொன்னாரு. வாலாஜா தாண்டி அணைக்கட்டுல ஒரு பாடி ஒதுங்கியிருக்காம். அவருதான்னு சொல்றாங்க. இன்னும் வெளிய யாருக்கும் தெரியாது. யார்கிட்டயும் மூச்சு விடாத.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்ஸ்பெக்டர் எப்போது சொன்னார்? காரில் என் கூடத்தானே வந்தார் அக்கா?

பிரிசில்லா அலறவில்லை. மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. புருவத்தைச் சுருக்கி அக்காவைப் பார்த்தார். துக்கம் இல்லை அது. கணக்குத் தப்பாக வந்தால் பார்க்கிற பார்வை. “அது எப்டி...” என்று ஆரம்பிக்கும்போதே அக்கா உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்திவிட்டார்.

வாசலில் தடதடவென்று சத்தம். ஒரு பைக் கிளம்பியது. இன்னொன்று. அப்புறம் வரிசையாக எல்லாம். “வாலாஜாடா, வாலாஜா! எவனுக்கும் சொல்லாத!” என்று கௌதம் கத்துவது கேட்டது. எவனுக்கும் சொல்லாத அந்தச் செய்தியைக் கேட்டு ஜெபம் செய்த பெண்களில் நாலு பேர்கூட எழுந்து ஓடினார்கள். சந்து காலியாகிவிட்டது.

அக்கா பிரிசில்லாவின் தோள் மடிப்புக்குள் விரலை விட்டு, பட்டன் அளவுக்கு ஒரு கறுப்புச் சமாச்சாரத்தைக் கழற்றினார். சின்னதாகப் பச்சை விளக்கு எரிந்தது. பேட்டிக்கு மாட்டிய மைக். வேண்டுமென்றே கழற்றாமல் விட்டிருக்கிறான் அந்தப் படுபாவி. ஆறுதலாவது மண்ணாங்கட்டியாவது!

அக்கா அதைத் தண்ணீர்க் குடத்துக்குள் போட்டார். “டொளக்” என்றது.

“இப்போ பேசும்மா. எங்க இருக்காரு?”

பிரிசில்லா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

“யாருக்குங்க தெரியும்?”

“இப்போதைக்கு எங்க ரெண்டு பேருக்கு. நீ ஷூவை வச்ச விதத்துல தெரிஞ்சுது.”

“நான்தான் வச்சேன்.” முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். “டாக்டர் கையை விரிச்சுட்டாரு மேடம். இனிமே உள்ள போச்சுன்னா ஈரல் தாங்காது, ஒரே தடவைதான்னாரு. குடியை நிறுத்துறதுக்குன்னு எத்தினி ஹோம்ல சேத்தேன் தெரியுமா? ஒரு ஹோம்ல வாட்ச்மேனே செல்ஃபி எடுத்துப் போட்டான். மறுநாள் சுவர் ஏறிக் குதிச்சு வந்தானுங்க, பாட்டிலோட. ஒரு மூச்சு பாடுண்ணேன்னு. இது பாடுச்சு. ரத்தமா வாந்தி எடுக்கிற வரைக்கும் பாடுச்சு. அதையும் படம் புடிச்சானுங்க. யார்கிட்ட போய் சொல்றது? எல்லாருமே அது மேல உசுரா இருக்காங்களாம்! எனக்கு வேற வழி தெரியல. செத்தவனை யாரும் குடிக்கக் கூப்புட மாட்டாங்க இல்ல?”

நான் போய் வாசல் கதவைச் சாத்தினேன்.

அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “உன் புருஷனைக் காப்பாத்த நெனச்ச. சரி. நேத்து கயிறு அறுந்து ஒரு பையன் நுரைக்குள்ள போனானே, அவனுக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பா.”

அப்போதுதான் பிரிசில்லா அழுதார். காலையிலிருந்து கேமராக்கள் காத்துக்கிடந்த அழுகை. பார்க்க ஒரு கேமராவும் இல்லை.

“அதைப் பாத்ததுலேர்ந்து சோறு இறங்கல மேடம். ஒரு நாள் தேடிட்டுப் போய்டுவாங்கன்னு நெனச்சேன். நிறுத்துங்கன்னு எப்டி சொல்வேன்? ஏன்னு கேப்பாங்களே.”

அக்கா போனை எடுத்தார். “சார், ஆள் ஆத்துல இல்ல. உங்க பசங்களை மேல ஏத்துங்க... உறுதியாத்தான் சொல்றேன். வெள்ளம் ஜாஸ்தி, தேடுறதை நிறுத்திட்டோம்னு சொல்லுங்க, அது பொய்யும் இல்ல... ஆமா சார். மீதியைச் சாயங்காலம் வந்து சொல்றேன், அப்போ எவ்ளோ வேணாலும் திட்டுங்க.” போனை வைத்துவிட்டு எழுந்தார். “கிளம்புங்க. கண்ணால பாக்காம நான் எதையும் முடிக்கறதில்ல.”

பிரிசில்லா முக்காடு போட்டுக்கொண்டு காருக்கு நடந்தபோது, சந்தில் மிச்சமிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டார்கள். அடையாளம் காட்டப் போகிறாராம். வாலாஜா கிழக்கே இருக்கிறது. நான் வண்டியை நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் கிழக்கே ஓட்டி, பைக் எதுவும் பின்னால் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குடியாத்தம் ரோட்டில் திருப்பினேன்.

குடியாத்தத்தில் காசிநாதன் என்பவரின் விசைத்தறிக் கூடம். தணிகைவேலோடு ஒரே அணியில் ஆடியவர், இப்போது லுங்கி நெய்கிறார். கூடத்துக்குள் நாலு தறி ஓடியது. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. குடியை நிறுத்திய நடுக்கத்தில் ராத்திரி பூரா கத்தினாலும் தெருவுக்குக் கேட்காது. பிரிசில்லா இடத்தை யோசித்துத்தான் பிடித்திருக்கிறார். பேரைக் கேட்காத ஒரு டாக்டர் ரெண்டு வேளையும் வந்து ஊசி போட்டுவிட்டுப் போகிறாராம்.

தறிகளுக்கு அந்தப் பக்கம், மூலையில், ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். வெறுங்கால். சட்டைக்குள் தோள் எலும்பு துருத்தியது. மனைவி தோளைத் தொட்டதும் திரும்பினார். பிளெக்ஸில் இருந்த முகத்தில் பாதிகூட இல்லை. ஆனால் கண் தெளிவாக இருந்தது. வீடியோக்களில் ஒன்றில்கூட நான் அந்தக் கண்ணைப் பார்த்ததில்லை.

எங்களைப் பார்த்ததும் பயந்தார். முதலில் எங்கள் கையைத்தான் பார்த்தார், போன் இருக்கிறதா என்று. அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நானும் காட்டினேன்.

“நம்மாளுங்கதான், ஒண்ணும் ஆவாது,” என்று பிரிசில்லா அவர் காதருகே கத்தினார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. நாலு தறியும் ஒரே சமயத்தில் நின்றன. காது அடைத்தது மாதிரி ஆகிவிட்டது.

தணிகைவேல் எங்களை ஒருமுறை பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தயங்கினார். பிறகு கேட்டார்:

“ஆத்தங்கரைக்கு எவ்ளோ பேரு வந்தாங்க?”

பிரிசில்லாவின் முகம் வெளுத்துவிட்டது.

“சும்மாதான் கேக்கறேன்,” என்றார் அவர். ஆனால் சும்மா கேட்கவில்லை. கையிலிருந்த நூல் நழுவிக் கீழே விழுந்தது. முதுகு நிமிர்ந்துவிட்டது. “நிறைய பேரு வந்திருப்பாங்க, இல்ல? அழுதாங்களா? எம் பேரைச் சொன்னாங்களா?”

அக்கா வாயைத் திறந்தார். அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியும், கேஸுக்காக. நேருக்கு நேர் ஒருத்தர் கண்ணைப் பார்த்து இப்படிக் கேட்டால் வராது. பத்து வருஷமாக அவர் கூட இருப்பவன் நான், எனக்குத் தெரியும். பிரிசில்லா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னவென்று சொல்வது? அவ்வளவு கூட்டம் தனக்காகக் கரையில் நின்று அழுகிறது என்று தெரிந்தால், இந்த மனுஷன் வெறுங்காலோடு பள்ளிகொண்டாவுக்கு ஓடுவார். ஓடினால் முதல் ஆள் ஒரு பாட்டிலோடு கட்டிப்பிடிப்பான். ‘செத்துப் பொழைச்ச தலைவா, ஒரு மூச்சு பாடு’ என்பான்.

“பத்துப் பேரு இருப்பாங்கண்ணே,” என்றேன். “அதுல பாதி தீயணைப்பு. மீதி, டீ விக்க வந்தவங்க.”

அவர் சிரிக்கக் காத்திருந்தார். நான் ‘விளையாட்டுக்குச் சொன்னேண்ணே’ என்று சொல்வேன் என்று என் வாயையே பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஜோக் அடித்துவிட்டுச் சிரிக்காமல் நின்றேன்.

“நெசமாவா?”

“மழைண்ணே. எவன் வர்றான்?”

தணிகைவேல் தலையைக் குனிந்துகொண்டார். அந்த முதுகு மெல்ல மெல்லப் பழையபடி வளைந்தது. கண்ணிலிருந்து சொட்டியது லுங்கி மேல் விழுந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. பிரிசில்லா அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தலையை நிமிர்த்தாமலே தணிகைவேல் கேட்டார்: “அப்போ யாரும் தேடிக்கிட்டு வர மாட்டாங்க?”

“மாட்டாங்கண்ணே.”

கரண்ட் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு கூடம் முழுவதும் அதிரத் தொடங்கியது. அவர் மறுபடி என்னிடம் ஏதோ கேட்டார். சத்தத்தில் காதில் விழவில்லை. உதட்டசைவில் தெரிந்தது. ‘பத்துப் பேர்தானா?’

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

தணிகைவேல் கீழே விழுந்திருந்த நூலைத் தேடி எடுத்தார். விட்ட இடத்திலிருந்து சுற்ற ஆரம்பித்தார்.